சிறுநீர் மாதிரியிலிருந்து பாக்டீரியாவின் பெயர் வரை: நுண்ணுயிரியல் மேசைக்கான முழுமையான வழிகாட்டி

மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்திற்குக் காலையில் வந்து சேரும் மாதிரிகளில் சிறுநீருக்கே எப்போதும் முதலிடம். நோயாளியின் மாதிரியிலிருந்து பாக்டீரியாவை இனங்காணப் பழக விரும்புகிறவர் சிறுநீர்க் கல்ச்சரில் (மாதிரியிலுள்ள பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பதில்) தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. ரத்தத்திற்கும் சீழுக்கும் சளிக்கும் ஊடகங்களும் (பாக்டீரியா வளரும் சத்துக் கூழ்களும்) காத்திருக்கும் நேரமும் மாறுமே தவிர, யோசிக்கும் முறை இதுதான்.

அந்த முறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் சோதனையும் தனியாக நின்று பாக்டீரியாவின் பெயரைச் சொல்லிவிடாது. காலனியின் (தட்டில் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாக் குவியலின்) தோற்றம், கிராம் சாயம், உயிர்வேதியியல் குழாய்கள், மருந்துணர்திறன் வட்டுகள் (மருந்து தோய்த்த சிறு தாள் வட்டுகள்) ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. முந்தைய சாட்சி சொன்னதை அடுத்த சாட்சி ஆமோதிக்கிறதா என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ள வேண்டும். முரண்பட்டால் முன்னே போகாமல் பின்னே திரும்ப வேண்டும்.

மாதிரி எடுப்பதும் கொண்டுவருவதும்

கல்ச்சர் முடிவில் வரும் தவறுகளில் பல, மாதிரி ஆய்வகத்திற்குள் நுழையும் முன்பே நிகழ்ந்துவிடுகின்றன. நோயாளி பிறப்புறுப்பைத் தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வரும் சிறுநீரை வெளியேவிட்டு, நடுப்பகுதியை மட்டும் கிருமி நீக்கிய அகன்ற வாய் டப்பாவில் பிடிக்க வேண்டும். கழுவ டெட்டால் போன்ற கிருமிநாசினியைப் பயன்படுத்தினால் அது டப்பாவில் கலந்து பாக்டீரியாவைக் கொன்றுவிடக்கூடும். டப்பாவைக் கையில் கொடுத்து "பிடித்து வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் நோயாளி முதல் சிறுநீரைத்தான் பிடிப்பார். மூடியின் உட்புறத்தைத் தொடக்கூடாது என்பதையும் சேர்த்து ஒரு நிமிடம் விளக்கிச் சொன்னால், மறுநாள் "கலப்பு வளர்ச்சி, மீண்டும் மாதிரி அனுப்பவும்" என்று எழுத வேண்டிய அறிக்கைகள் கண்கூடாகக் குறையும்.

கதீட்டர் (சிறுநீர் வடியச் செலுத்திய குழாய்) உள்ள நோயாளியிடம் வெளியே தொங்கும் சேகரிப்புப் பையிலிருந்து ஒருபோதும் எடுக்கக் கூடாது. பையில் பல மணி நேரம் தேங்கிய சிறுநீரில் வளர்ந்தது நோயாளியின் சிறுநீர்ப்பையில் இருந்ததைக் காட்டாது. குழாயில் அதற்கென உள்ள இடத்தைத் துடைத்து, சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கு ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் வளர்ச்சி இல்லையென்றால் அதை நம்பலாம். வளர்ச்சி இருந்தால் அது தோலிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம் என்பதால் வேறு வழியில் எடுத்த மாதிரியால் உறுதிசெய்ய வேண்டும்.

நேரம் இன்னும் முக்கியம். எடுத்த 2 மணி நேரத்திற்குள் மாதிரியைத் தட்டில் இட வேண்டும். முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்பெட்டியில் அதிகபட்சம் 24 மணி நேரம் வைக்கலாம். நம் ஊர் வெயிலில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். ஒரு மில்லிலிட்டரில் 2,000 பாக்டீரியா மட்டுமே கலந்த சிறுநீர் வெளிநோயாளர் பிரிவு மேசையில் 3 மணி நேரம் கிடக்கிறது என்றும், அவை அரை மணி நேரத்திற்கு ஒருமுறை இரட்டிக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். ஆறு முறை இரட்டித்தால் 64 மடங்கு, எண்ணிக்கை 1,28,000. கவனக்குறைவால் கலந்த பாக்டீரியா, நோய்த்தொற்றுக்கான ஒரு லட்சம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. நோயாளிக்குத் தேவையற்ற மருந்து போகும்.

விண்ணப்பப் படிவத்தில் வயது, பாலினம், கர்ப்பம், கதீட்டர், சர்க்கரை நோய், காய்ச்சல், ஏற்கெனவே சாப்பிட்ட மருந்து ஆகியவை இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலும் யாரும் நிரப்புவதில்லை. "மருந்துக்கடையில் கேட்டு ரெண்டு வேளை மாத்திரை போட்டேன்" என்பதை நோயாளி தானாகச் சொல்லமாட்டார்; கேட்டால்தான் சொல்வார். அந்த இரண்டு வேளை மாத்திரையே தட்டில் ஒன்றும் வளராமல் போவதற்குப் போதுமான காரணம்.

தட்டில் இடுமுன் ஒரு பார்வை

மாதிரியை மெதுவாகக் கலக்கி, மையவிலக்கில் சுழற்றாத சிறுநீரில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் பரப்பாமல் வைத்து, உலரவிட்டு, நிலைப்படுத்தி, கிராம் சாயமிட்டுப் பார்க்கலாம். எண்ணெய் அமிழ்வு வில்லையில் ஒரு பார்வைப் பரப்புக்கு ஒரு பாக்டீரியாவாவது தென்பட்டால், மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு லட்சமோ அதற்கு மேலோ இருக்கும் என்று கொள்ளலாம். சீழணுக்களையும் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் தட்டு வெறுமையாக இருந்தால் இந்தக் குறிப்புத்தான் கைகொடுக்கும். சீழணுக்கள் நிறைய இருந்தும் வளர்ச்சி இல்லையென்றால், முன்பே மருந்து சாப்பிட்டிருக்கிறாரா என்று முதலிலும், சிறுநீரகக் காசநோயாக இருக்குமா என்று அடுத்தும் மருத்துவர் யோசிக்க வேண்டும். "வளர்ச்சி இல்லை" என்ற இரண்டு சொற்களோடு அறிக்கையை முடிக்காமல், சீழணுக்களின் அளவையும் எழுதினால் அந்த யோசனைக்கு வழி பிறக்கும்.

தட்டில் இடுதல்

சிறுநீர்க் கல்ச்சர் அளவையும் சொல்ல வேண்டிய கல்ச்சர்; அதனால் அளவிட்ட வளையம் வேண்டும். வழக்கமானது 0.001 மில்லிலிட்டர் எடுக்கும் வளையம். அதைச் செங்குத்தாகப் பிடித்து, சிறுநீரின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மட்டும் தொட்டு, செங்குத்தாகவே எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்தாலும் ஆழமாக முக்கினாலும் கம்பியில் கூடுதல் சிறுநீர் ஒட்டிக்கொண்டு கணக்கு பொய்த்துவிடும். நிக்ரோம் வளையம் மீண்டும் மீண்டும் தீயில் காட்டப்படுவதால் வளைந்து அளவு மாறும். அதைக் குறிப்பிட்ட இடைவெளியில் சரிபார்க்காமல் எண்ணிக்கை எழுதுவதில் பொருளில்லை.

ஊடகமாக 5 சதவீத ஆட்டு ரத்தம் சேர்த்த ரத்த அகாரும் மெக்கான்கி அகாரும் இணையாகப் பயன்படுகின்றன. செலவைக் குறைக்க நினைக்கும் ஆய்வகங்கள் க்ளெட் அகார் ஒன்றையே வைத்துக்கொள்கின்றன. மெக்கான்கியில் உள்ள பித்த உப்பும் படிக ஊதாவும் கிராம் சாயத்தில் ஊதாவாக நிற்கும் பெரும்பாலான கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவைத் தடுக்கின்றன. லாக்டோஸைப் புளிக்கச்செய்யும் பாக்டீரியா அமிலத்தை உண்டாக்குவதால் நடுநிலைச் சிவப்பு என்ற சாயம் நிறம் மாறி, காலனி இளஞ்சிவப்பாகத் தெரியும். க்ளெட் அகாரில் உப்புகள் மிகக் குறைவு என்பதால் புரோட்டியஸ் தட்டு முழுதும் படர முடியாது.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தட்டுகளை அறை வெப்பத்திற்குக் கொண்டுவந்து, மேற்பரப்பின் ஈரம் உலர்ந்தபின் பயன்படுத்த வேண்டும். நடுவில் ஒரு நேர்கோடு இழுத்து, அதன் குறுக்கே மேலிருந்து கீழ்வரை நெருக்கமாகக் கோடுகள் இழுத்தால் காலனிகள் தனித்தனியாக விழும். அகார் மேற்புறம் இருக்குமாறு தட்டைக் கவிழ்த்து, 35 முதல் 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் இன்குபேட்டரில் வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் மூடியில் கோத்த நீர்த்துளி விழுந்து காலனிகள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிடும்.

மறுநாள் காலை: எண்ணுவதும் எடைபோடுவதும்

ஒரு காலனி என்றால் மில்லிலிட்டருக்கு 1,000. நூறு காலனி என்றால் ஒரு லட்சம். இந்த ஒரு லட்சம் என்ற எல்லையை 1950களில் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் ஆய்வுகள் நிறுவின. அது நல்ல வழிகாட்டியே தவிர எல்லோருக்கும் பொருந்தும் சட்டமல்ல. எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வும் உள்ள இளம் பெண்ணிடம் ஒரே வகைப் பாக்டீரியா அதைவிடக் குறைவாக வளர்ந்தாலும் பொருட்படுத்த வேண்டும்; அடிவயிற்றில் ஊசி செலுத்தி எடுத்த சிறுநீரில் எவ்வளவு குறைவாக வளர்ந்தாலும் பொருட்படுத்த வேண்டும். மாறாக, மூன்றோ அதற்கு மேலோ வகைகள் கலந்து வளர்ந்திருந்தால் அது பெரும்பாலும் கலப்படம். அந்த மூன்றையும் இனங்கண்டு மூன்றுக்கும் மருந்துப் பட்டியல் எழுதுவது உழைப்பு வீண் என்பதோடு நோயாளிக்குக் கெடுதலும்கூட.

இனிக் காலனியைப் பார்க்கலாம். மெக்கான்கியில் தட்டையாக, உலர்ந்த இளஞ்சிவப்பாக இருந்தால் எ. கோலை என்று மனதில் குறித்துக்கொள்ளலாம். பெரிதாக, குமிழ்போல் உப்பி, தொட்டால் சளிபோல் இழுபடும் இளஞ்சிவப்பு என்றால் கிளெப்சியெல்லா. நிறமற்ற காலனியும் ரத்த அகாரில் அலையலையாகப் படர்ந்த மெல்லிய படலமும் சேர்ந்திருந்தால் புரோட்டியஸ். நிறமற்று ஓரத்தில் பச்சை ஊறினால் சூடோமோனாஸ். ஊசிமுனை அளவில் ஆழ்ந்த சிவப்புப் புள்ளிகளாக இருந்தால் என்டெரோகாக்கஸ். ரத்த அகாரில் வெள்ளையாகவோ பொன்னிறமாகவோ பளபளத்தால் ஸ்டேஃபைலோகாக்கஸ். ஆனால் கேண்டிடா ஈஸ்டும் அச்சாக அப்படியே தெரியும் என்பதால் சாயமிடும்வரை பொறுக்க வேண்டும். இவை யாவும் ஊகங்கள்தாம், எ. கோலையிலேயே ஒரு பங்கு லாக்டோஸைப் புளிக்கச்செய்யாமல் வெளிறிய காலனியாக வளர்வதுண்டு. வாசனையை வைத்துச் சொல்லும் பழைய பழக்கத்தை மட்டும் கைவிட்டே ஆக வேண்டும். திறந்த தட்டை மூக்கருகே கொண்டுபோவது ஏன் ஆபத்து என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த வேலைகளுக்கு முன், தனித்து நிற்கும் ஒரே காலனியைத் தொட்டு ஊட்ட அகாரில் தூய வளர்ப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். மெக்கான்கியில் ஒரே வகை வளர்ந்ததுபோல் தெரிந்தாலும், தடுக்கப்பட்ட வேறு பாக்டீரியா சாகாமல் அடியில் ஒட்டியிருக்கக்கூடும். தூய்மையற்ற வளர்ப்பில் செய்த சோதனைகள் எந்தப் பெயருக்கும் பொருந்தாத விடையையே தரும்.

கிராம் சாயம்

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் 1884இல் பெர்லினில் நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாவைத் தெளிவாகக் காண வழி தேடியபோது பிறந்தது இச்சாயமுறை. இன்றுவரை இனங்காணலின் முதல் கிளை பிரிவது இங்கேதான். இங்கே தவறினால் பின்னால் செய்வதெல்லாம் தவறும்.

கண்ணாடித் துண்டில் ஒரு சிறு துளி உப்புநீரில் காலனியில் ஊசிமுனை அளவு மட்டும் எடுத்து மெல்லியதாகப் பரப்ப வேண்டும். பூச்சின் வழியே செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். காற்றில் உலர்ந்தபின் சுடரில் இரண்டு மூன்று முறை மேலோட்டமாகக் காட்டி நிலைப்படுத்தவும். படிக ஊதா 1 நிமிடம், நீரால் கழுவல், அயோடின் 1 நிமிடம், மீண்டும் கழுவல். அடுத்தது நிறநீக்கம். கண்ணாடித் துண்டைச் சாய்த்துப் பிடித்து அசிட்டோன்-ஆல்கஹாலைச் சொட்டவிட்டால் ஊதா நிறம் ஓடை போல் வழியும். வழியும் நீர்மம் நிறமற்றுப்போன அந்தக் கணமே தண்ணீரைக் காட்டி நிறுத்த வேண்டும். சில விநாடிகளே நீடிக்கும் வேலை இது. கடிகாரத்தை நம்பாமல் வழியும் நிறத்தை நம்ப வேண்டும். பூச்சின் தடிப்பைப் பொறுத்து நேரம் மாறும். பிறகு சஃப்ரனின் அரை நிமிடம் முதல் 1 நிமிடம், கழுவல், உலர்த்தல்.

கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவின் பெப்டிடோகிளைக்கன் சுவர் தடிமனானது. ஊதாவும் அயோடினும் சேர்ந்து உருவான பெரிய கூட்டுப்பொருளை அது வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. கிராம் நெகட்டிவில் சுவர் மெல்லியது, வெளிச்சவ்வு ஆல்கஹாலில் கரைந்துபோகிறது, ஊதா வெளியேறிவிடுகிறது, பிறகு இட்ட சஃப்ரனினின் சிவப்பே தெரிகிறது. இதைப் புரிந்துகொண்டால் தவறுகளும் புரியும். பழைய வளர்ப்பில் சுவர் சிதைந்திருப்பதால் ஸ்டேஃபைலோகாக்கஸே சிவப்பாகத் தெரியலாம். நிறநீக்கம் மிஞ்சினாலும் அப்படியே, குறைந்தால் எ. கோலையும் ஊதாவாக நிற்கும். அசினெடோபாக்டர் இயல்பிலேயே ஊதாவைச் சற்று இறுக்கிப் பிடிக்கும். குண்டும் குறுகலுமான அதன் உருவத்தைக் காக்கஸ் (உருண்டை வடிவப் பாக்டீரியா) என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர். அதனால் அதே கண்ணாடித் துண்டின் ஒரு ஓரத்தில் தெரிந்த ஸ்டேஃபைலோகாக்கஸையும் மறு ஓரத்தில் தெரிந்த எ. கோலையையும் பூசி, மூன்றுக்கும் சேர்த்துச் சாயமிடுவதை நான் இன்றுவரை விடவில்லை.

ஐயம் தீரவில்லையென்றால் எளிய வழி ஒன்று உண்டு. 3 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளியில் காலனியை அரை நிமிடத்திற்கு மேல் நன்கு குழைத்து வளையத்தைத் தூக்கினால், கிராம் நெகட்டிவ் என்றால் சுவர் உடைந்து மரபுப்பொருள் வெளிவந்து நூல்போல் இழுபடும்; கிராம் பாசிட்டிவ் என்றால் தண்ணீராகவே இருக்கும்.

கிராம் பாசிட்டிவ் காக்கஸ் என்றால்

முதல் கேள்வி கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறதா என்பது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் காலனியைத் தொட்டவுடன் குமிழிகள் பொங்கினால் ஸ்டேஃபைலோகாக்கஸ். பொங்காவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அல்லது என்டெரோகாக்கஸ். நிக்ரோம் கம்பியே குமிழி எழுப்பும் என்பதால் மரக்குச்சியோ கண்ணாடிக் குச்சியோ கொண்டு எடுக்க வேண்டும். ரத்த அகாரிலிருந்து எடுத்தால் சிவப்பணுக்களில் உள்ள கேட்டலேஸ் பொய்யான விடை தரும். காலனியின் உச்சியை மட்டும் தொட வேண்டும்.

பொங்கியது என்றால் அடுத்த கேள்வி கோயாகுலேஸ், அதாவது பிளாஸ்மாவை உறையவைக்கும் நொதி. நீர்த்த முயல் பிளாஸ்மாவில் காலனியைக் கலந்து 37 டிகிரியில் வைத்து 4 மணி நேரம் வரை அவ்வப்போது பார்க்க வேண்டும். குழாயைச் சாய்த்தால் உறைவு அசையாமல் நின்றால் ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அதுவரை பார்க்காமல் மறுநாள் காலை மட்டும் பார்ப்பவர் ஏமாறலாம். சில வகைகள் தாம் உறையவைத்ததைத் தாமே கரைத்துவிடும். சிறுநீரில் ஆரியஸ் வளர்ந்தால் மருத்துவரை அழைத்துச் சொல்வது நல்லது, ஏனெனில் அது ரத்தத்திலிருந்து சிறுநீரகத்திற்கு வந்து இறங்கியதாகவும் இருக்கலாம். உறையாவிட்டால் நோவோபயோசின் என்ற மருந்தின் வட்டு வைக்க வேண்டும். எதிர்ப்புக் காட்டினால் ஸ்டேஃபைலோகாக்கஸ் சாப்ரோபைட்டிகஸ். இளம் பெண்களின் சிறுநீர்த் தொற்றுக்கு அது உண்மையான காரணி. "தோல் பாக்டீரியா" என்று குப்பையில் போடக் கூடாது.

கேட்டலேஸ் பொங்கவில்லை என்றால், பித்த எஸ்குலின் ஊடகத்தைக் கறுப்பாக்கி, 6.5 சதவீத உப்பிலும் வளர்வது என்டெரோகாக்கஸ். கர்ப்பிணியின் சிறுநீரில் மெல்லிய பீட்டா ரத்தச்சிதைவோடு (சுற்றிலும் ரத்தம் சிதைந்த தெளிவோடு) வளரும் காக்கஸ் பி குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருக்கக்கூடும். ஆரியஸைக் கோடாக இட்டு அதனருகே இதை இடும் காம்ப் சோதனையில் அக்கோட்டருகே அம்புமுனை போன்ற தெளிவு தோன்றினால் உறுதியாகும். பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றக்கூடியது என்பதால், எண்ணிக்கை ஒரு லட்சத்தை எட்டவில்லை என்பதற்காக அதை ஒதுக்கிவிடக் கூடாது.

கிராம் நெகட்டிவ் குச்சி என்றால்

சிறுநீரில் பெரும்பாலும் வருவது இந்தக் கிளைதான். முதலில் ஆக்சிடேஸ் என்ற நொதிக்கான சோதனை. வினைப்பொருளில் நனைத்த வடிதாளில் காலனியைத் தேய்த்து, 10 விநாடிக்குள் அடர் ஊதாவானால்தான் பாசிட்டிவ். அதன்பின் மெல்ல ஏறும் நிறத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. இங்கும் நிக்ரோம் கம்பி ஆகாது. மெக்கான்கிக் காலனியிலிருந்தும் செய்யக் கூடாது; அமிலமும் சாயமும் விடையைக் கெடுக்கும். ரத்த அகாரோ ஊட்ட அகாரோ வேண்டும்.

ஆக்சிடேஸ் நெகட்டிவ் என்றால் குடல்வாழ் பாக்டீரியாக் குடும்பத்தை எதிர்பார்த்துக் குழாய்களில் இடுகிறோம். டி.எஸ்.ஐ. (மூன்று சர்க்கரையும் இரும்பும் கலந்த) அகாரில் லாக்டோஸ் 10 பங்கு, சுக்ரோஸ் 10 பங்கு, குளுக்கோஸ் 1 பங்கு. நேரான ஊசியால் அடிவரை குத்தி, வெளியே எடுக்கும்போது சரிவில் கோடிட வேண்டும். குளுக்கோஸை மட்டும் புளிக்கச்செய்வது அடியை மஞ்சளாக்கும். சரிவும் சில மணி நேரம் மஞ்சளாகி, குளுக்கோஸ் தீர்ந்ததும் பெப்டோனைச் சிதைத்துச் சிவப்புக்குத் திரும்பும். லாக்டோஸையோ சுக்ரோஸையோ புளிக்கச்செய்வது இரண்டையும் மஞ்சளாகவே வைத்திருக்கும். இதை வாசிக்க 18 முதல் 24 மணி நேரம் என்ற சாளரம் ஒன்றே உண்டு. நான் பணியில் சேர்ந்த ஆண்டு, பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் இட்ட குழாய்களை இரண்டு நாள் கழித்து வந்து வாசித்தேன். லாக்டோஸும் தீர்ந்து சரிவு சிவந்திருந்த குழாயை லாக்டோஸ் புளிக்கச்செய்யாதது என்று எழுதிவிட்டேன். மெக்கான்கித் தட்டில் காலனி இளஞ்சிவப்பாக இருந்ததையும் நானேதான் எழுதியிருந்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்பதை மூத்த தொழில்நுட்பர் என் பதிவேட்டில் விரல் வைத்துக் காட்டினார். அறிக்கை வெளியே போகாமல் நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு குழாயிலும் இட்ட மணியை எழுதுகிறேன்.

குழாய்களின் விடைகளைச் சேர்த்துப் படித்தால் உருவம் தெளியும். டி.எஸ்.ஐ.யில் இரண்டும் மஞ்சள், வாயு, பெப்டோன் நீரில் கோவாக் வினைப்பொருள் இட்டதும் மேலே செவ்வளையமாக இன்டோல், சிட்ரேட் பச்சையாகவே மாறாமல், யூரியேஸ் நெகட்டிவ், நகர்திறன் உண்டு என்றால் எ. கோலை. இரண்டும் மஞ்சள், வாயு, இன்டோல் இல்லை, சிட்ரேட் நீலம், யூரியேஸ் மெதுவாக இளஞ்சிவப்பு, நகர்திறன் இல்லை என்றால் கிளெப்சியெல்லா நிமோனியே. இதிலேயே இன்டோல் மட்டும் பாசிட்டிவ் என்றால் கிளெப்சியெல்லா ஆக்சிடோகா. சளிபோன்ற காலனியோடு சிட்ரேட் நீலமும் வந்து, ஆனால் நகர்கிறது என்றால் கிளெப்சியெல்லா என்று எழுதக் கூடாது. என்டெரோபாக்டரை நினைத்து ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் பார்க்க வேண்டும்.

சரிவு சிவப்பு, அடி மஞ்சள், ஹைட்ரஜன் சல்பைடால் கறுப்பு, சில மணி நேரத்திலேயே யூரியா ஊடகம் அடர் இளஞ்சிவப்பு என்றால் புரோட்டியஸ். ஃபினைல் அலனின் சரிவில் ஃபெரிக் குளோரைடு விட்டதும் கரும்பச்சை ஓடினால் அந்தக் கூட்டம் உறுதி. இன்டோல் நெகட்டிவ் மிராபிலிஸ், பாசிட்டிவ் வல்காரிஸ் (சுக்ரோஸைப் புளிக்கச்செய்வதால் வல்காரிஸின் சரிவு பெரும்பாலும் மஞ்சளாகவே நிற்கும்). யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்குவதால் சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாவது இதுவே. கல் உள்ள நோயாளியின் படிவத்தோடு இந்த விடை பொருந்துவதும் ஒரு சாட்சிதான். சரிவு சிவப்பு, அடி மஞ்சள், வாயு இல்லை, மெல்லிய கறுப்புக் கோடு மட்டும், இன்டோலும் யூரியேஸும் சிட்ரேட்டும் நெகட்டிவ், நகர்திறன் உண்டு என்று வந்தால் நிதானிக்க வேண்டும். டைபாய்டு உண்டாக்கும் சால்மோனெல்லா டைஃபி சிறுநீரிலும் வெளியேறும். எதிர்ச்சீரத்தால் திரட்சிச் சோதனை செய்து உறுதிப்படுத்திய பின்னரே பெயர் எழுத வேண்டும்.

டி.எஸ்.ஐ. இரண்டும் சிவப்பாகவே நின்றால் அது சர்க்கரையைப் புளிக்கச்செய்யாத கூட்டம். ஆக்சிடேஸ் நெகட்டிவ், நகராதது, குண்டுக் குச்சி என்றால் அசினெடோபாக்டர். ஆக்சிடேஸ் பாசிட்டிவ், பச்சை நிறமி, 42 டிகிரியிலும் வளர்ச்சி என்றால் சூடோமோனாஸ் ஏருஜினோசா.

சூடோமோனாஸ் என்று எழுதுமுன்

இங்கே நம் நிலப்பகுதிக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. பச்சை நிறமி இல்லாத, ஆக்சிடேஸ் பாசிட்டிவான, சர்க்கரையைப் புளிக்கச்செய்யாத ஒன்றை "சூடோமோனாஸ் இனம்" என்று எழுதி முடித்துவிடும் பழக்கம் பல ஆய்வகங்களில் இருக்கிறது. அது மெலியோய்டோசிஸ் நோயின் காரணியான பர்கோல்டேரியா சூடோமல்லியாக இருக்கலாம். ரங்கூனில் இந்நோயை இனங்கண்டு 1912இல் விவரித்தவர்கள் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும். ஈர மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் இந்தப் பாக்டீரியாவால் வந்த நோய் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பதிவாகியுள்ளது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இந்நோயாளிகளைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்துள்ளது. சர்க்கரை நோயுள்ள விவசாயி, மழைக்காலம், விடாத காய்ச்சல், புராஸ்டேட் சுரப்பியிலோ கல்லீரலிலோ சீழ்க்கட்டி என்று படிவத்தில் இருந்தால் இதை நினைக்காமல் தாண்டக் கூடாது.

கிராம் சாயத்தில் இரு முனையும் அடர்ந்து நடு வெளிறி, ஊக்கைப் போலத் தெரியும். தட்டை 48 மணி நேரமோ அதற்கு மேலோ வைத்தால் காலனி உலர்ந்து சுருக்கம் விழும். ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் எதிர்ப்பு, அமாக்சிசிலின்-கிளாவுலனிக் அமிலத்துக்கு உணர்திறன் என்ற சேர்க்கை வந்தால் ஐயம் வலுக்கும். ஏருஜினோசாவில் இது பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும். அந்த நொடியிலிருந்து அத்தட்டுகளை உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டுமே திறந்து, மேல்நிலை ஆய்வகத்திற்கு அனுப்பி உறுதிசெய்ய வேண்டும். காற்றுத் துகள் வழியாகவும் தொற்றக்கூடிய இந்தப் பாக்டீரியாவை முகர்ந்து பார்த்தவர் தம் உயிரையே பணயம் வைத்தவர் ஆகிறார்.

கருவிகளைப் பற்றிச் சில வரிகள்

வைடெக் போன்ற தானியங்கிக் கருவிகளும், புரத நிறமாலையால் நிமிடங்களில் பெயர் சொல்லும் மால்டி-டாஃப் கருவியும் பெரிய மருத்துவமனைகளில் வந்துவிட்டன. அவை வேலையை விரைவாக்குகின்றன. ஆனால் மால்டி-டாஃப் எ. கோலையையும் ஷிகெல்லாவையும் நம்பத்தக்க வகையில் பிரித்துக் காட்டுவதில்லை, தானியங்கிக் கருவிகள் பர்கோல்டேரியா சூடோமல்லியை அதன் உறவினமான செப்பேசியா என்று சொல்லிவிடுவதுண்டு. கிராம் சாயமும் ஆக்சிடேஸும் செய்துவிட்டுக் கருவியில் வைப்பவருக்குத்தான் அதன் தவறு தெரியும்.

மருந்துணர்திறனும் ஒரு சாட்சி

கலங்கலை அளக்கும் மெக்ஃபார்லண்ட் அளவுகோலில் 0.5க்குச் சமப்படுத்திய பாக்டீரியாவை 4 மில்லிமீட்டர் கனமுள்ள முல்லர் ஹின்டன் அகாரில் பரப்பி, வட்டுகளை வைத்து, மறுநாள் தெளிவு வட்டங்களை அளந்து அந்த ஆண்டுக்குரிய அட்டவணையோடு ஒப்பிடும் முறை தனிக் கட்டுரைக்கு உரியது. இனங்காணலுக்கு அது எப்படி உதவுகிறது என்பதை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். சில பாக்டீரியாவுக்குச் சில மருந்துகளுக்குப் பிறவி எதிர்ப்பு உண்டு. கிளெப்சியெல்லா நிமோனியே ஆம்பிசிலினுக்கு மசியாது. புரோட்டியஸ் மிராபிலிஸ் நைட்ரோஃபுரன்டாயினுக்கும் கொலிஸ்டினுக்கும் மசியாது. ஆகவே கிளெப்சியெல்லா என்று பெயரிட்ட தட்டில் ஆம்பிசிலினைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால், பெயர் தவறு அல்லது வளர்ப்பு தூய்மையற்றது அல்லது வட்டு மாறிவிட்டது. மூன்றில் எது என்று கண்டுபிடிக்கும்வரை அறிக்கை மேசையிலேயே இருக்கட்டும்.

குழாய்களும் வட்டுகளும் சரியாக இருக்கின்றனவா என்பதை எ. கோலை ஏ.டி.சி.சி. (அமெரிக்க வளர்ப்புச் சேகரிப்பு எண்) 25922, ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் 25923, சூடோமோனாஸ் ஏருஜினோசா 27853 ஆகிய அறிந்த வகைகளை இட்டுச் சோதிக்க வேண்டும். புதிதாகத் தயாரித்த ஒவ்வொரு தொகுதி ஊடகத்திற்கும் இது பொருந்தும். சிட்ரேட் சரிவு பாசிட்டிவ் வகைக்கும் நீலமாகாவிட்டால், அன்று வளர்ந்த கிளெப்சியெல்லாக்கள் எல்லாம் குழப்பம் தரும் என்பதை மாலையில் அல்ல, காலையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

அறிக்கையும் அதற்குப் பின்னும்

அறிக்கையில் மாதிரியின் வகை, சீழணுக்கள், காலனி எண்ணிக்கை, பாக்டீரியாவின் பெயர், மருந்துணர்திறன் ஆகியவை இருக்க வேண்டும். இன்னும் உறுதியாகாத பெயரை "முதற்கட்ட அறிக்கை" என்று குறித்து, கிராம் சாய விடையோடு அனுப்பலாம்; நடுக்கத்தோடு காய்ச்சலில் கிடக்கும் நோயாளிக்கு ஒரு நாள் முன்னதாகச் சொல்வது மருத்துவருக்குப் பேருதவி. கர்ப்பிணி, பச்சிளம் குழந்தை, சிறுநீரக மாற்று அறுவை செய்தவர் ஆகியோரின் விடையைத் தாளில் மட்டும் அனுப்பாமல் தொலைபேசியிலும் சொல்லி, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

வளர்ச்சி கண்ட தட்டுகளை அறிக்கை போன அன்றே எறிந்துவிடாமல் சில நாள் குளிர்பெட்டியில் வைத்திருக்கலாம். "நோயாளி தேறவில்லை, மீண்டும் பார்க்க முடியுமா" என்று மருத்துவர் கேட்கும்போது கையில் தட்டு இருக்க வேண்டும். அரிதான வகைகளைக் கிளிசரால் கலந்த குழம்பில் மைனஸ் 70 டிகிரியில் உறையவைத்துச் சேமிக்கலாம். மற்றவை மஞ்சள் பையில் கட்டப்படுமுன் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வேக வேண்டும். பைகளை நெருக்கி அடைத்தால் நீராவி நடுவே புகாது என்பதால், ஆட்டோகிளேவில் இடம் விட்டு வைத்து, நேரக் கணக்கை வெப்பம் 121ஐத் தொட்ட பிறகே தொடங்க வேண்டும்.